சாகசக் கதையே தொழிலாக

முந்தைய அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஒரு சாகசக் கதையையாவது எழுதி முடித்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம். அடுத்து எழும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: இதையே தொழிலாகச் செய்ய முடியுமா? முடியும். வருமானம் மெதுவாகத்தான் வரும். பல ஆண்டுகள் வேறு வேலையும் பார்த்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள்.

தனித்து இயங்கும் எழுத்தாளர் என்று நான் சொல்வது, தன் நாயகனைத் தானே படைத்து, அவன்மீதான உரிமையைக் கையைவிட்டுப் போகவிடாமல், கதையை அச்சிலோ மின்நூலிலோ தொடராகவோ தானே விற்பவரை. அவருக்கு இரண்டு வேலைகள். நாள்தோறும் பக்கங்கள் எழுத வேண்டும். எழுதிய பக்கங்கள் யாருக்குச் சொந்தம் என்பதில் கண்ணாக இருக்க வேண்டும். முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எழுத்தாளரின் முதுமையைத் தீர்மானிப்பது இரண்டாவது வேலை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரே காலம், இரண்டு எழுத்தாளர்கள்

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில், மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான கதை இதழ்கள் கடைகளில் குவிந்தன. நம் ஊர் மாத நாவல்கள் சாணித்தாளில் வந்த காலத்தை நினைத்துக்கொண்டால் அந்தச் சந்தை புரியும். கூலி சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு.

எட்கர் ரைஸ் பரோஸ் 35 வயதைத் தாண்டும்வரை எந்தத் தொழிலிலும் காலூன்றாதவர். பென்சில் சீவும் கருவி விற்கும் முகவர்களை மேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதத் தொடங்கினார். 1912இல் வந்த அவருடைய செவ்வாய்க் கிரகக் கதைக்கு ‘ஆல் ஸ்டோரி’ இதழ் 400 டாலரும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த டார்ஸான் கதைக்கு 700 டாலரும் தந்தது. இதழுக்கு அவர் கொடுத்தது முதல் வெளியீட்டு உரிமையை மட்டும்தான். புத்தகம், செய்தித்தாள் மறுவெளியீடு, சினிமா, சித்திரத் தொடர் எல்லாம் அவர் கையில் இருந்தன. 1923இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். 1931இல் தொடங்கித் தன் புத்தகங்களைத் தானே பதிப்பித்தார். கலிஃபோர்னியாவில் அவர் வாங்கிய பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்று டார்ஸானா என்று பெயர்.

லெஸ்டர் டெண்ட் கதை வேறு. தந்தி அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே எழுதப் பழகியவர். 1933 மார்ச்சில் ‘டாக் சாவேஜ்’ இதழ் தொடங்கியபோது நாவல் எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1949இல் இதழ் நிற்பதற்குள் வந்த 181 நாவல்களில் மிகப் பெரும்பாலானவற்றை அவர்தான் எழுதினார். அட்டையில் அவர் பெயர் கிடையாது. கென்னத் ராப்சன் என்ற பொதுப் புனைபெயர்தான் இருந்தது. நாயகன் டாக் சாவேஜ் பதிப்பகத்தின் சொத்து, எழுத்தாளருக்கு நாவலுக்கு இவ்வளவு என்று கூலி. டெண்ட் 1959இல் இறந்தார். 1964இல் அந்த நாவல்கள் மலிவுப் பதிப்பாகத் திரும்ப வந்து உலகமெங்கும் விற்றன. அந்த விற்பனையைப் பார்க்க அவர் இல்லை, நாயகனும் அவருடையவன் இல்லை.

இருவரில் உழைப்பில் குறைந்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

மூன்றாவதாக ராபர்ட் ஈ. ஹோவர்ட். கோனன் என்ற நாயகனைப் படைத்தவர். அவர் அதிகம் எழுதிய ‘வியர்ட் டேல்ஸ்’, கதை அச்சான பிறகு பணம் தரும் இதழ், அதையும் தாமதமாகத் தரும். 1936இல் 30 வயதில் அவர் இறந்தபோதும் அந்த இதழிடமிருந்து அவருக்கு வர வேண்டிய பாக்கி பெரிதாக நின்றது. இத்தனைக்கும் குத்துச்சண்டைக் கதைகளை ஓர் இதழுக்கும் அமெரிக்க மேற்குப் பிரதேசக் கதைகளை இன்னொன்றுக்கும் எழுதி வருமானத்தைப் பரப்பி வைத்திருந்தவர் அவர். பரப்பி வைக்காதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆகவே எந்த இதழிடமும் கதைச் செயலியிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு தருவீர்கள் என்பதைவிட, எப்போது தருவீர்கள் என்பதுதான்.

நம்மிடமும் முன்னோடிகள் இருக்கிறார்கள். வை. மு. கோதைநாயகி 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி, தன் நாவல்களை அதில் தானே தொடராக வெளியிட்டு, பிறகு நூலாக்கி விற்றார். அவர் எழுதிய நாவல்கள் 115. முறையாகப் பள்ளிக்கூடம் போகாத, ஆரம்பத்தில் தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்த ஒரு பெண், இதழாசிரியராகவும் பதிப்பாளராகவும் இருந்து செய்த வேலை இது. தமிழில் தனிப் பதிப்பு என்று யோசிக்கிறவர்கள் முதலில் வணங்க வேண்டியது அவரைத்தான் என்பது என் எண்ணம். பின்னால் ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் துப்பறியும் சங்கர்லாலை ஊர் ஊராக, நாடு நாடாக அனுப்பினார். 1980களிலும் 90களிலும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. கோவையில் இருந்துகொண்டே 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர் ராஜேஷ்குமார். அந்த அலையில் பெரும்பங்கு குற்றக் கதைகள். கடல், காடு, மலை, தீவு என்று வாசகரை வெளியே இழுத்துச் செல்லும் கதைகள் குறைவு. அந்தப் பசியைப் பெருமளவு தீர்த்தவை சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான். அவையோ மொழிபெயர்ப்புகள். தமிழ் நிலத்தில் நடக்கும் சாகசத்துக்கு இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

நாலு பாகத் திட்டம்

டெண்ட் தன் நாயகனை இழந்தாலும் நமக்கெல்லாம் ஒன்றை விட்டுப் போனார். 6,000 சொல் கதைக்கு அவர் வகுத்த திட்டம் அது. கதை 1,500 சொற்களாக நாலு பாகம். முதல் பாகத்தின் முதல் வரிகளிலேயே நாயகன் சிக்கலில் விழ வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் சிக்கல் கூட வேண்டும். பாகம் முடியும் இடத்தில் எதிர்பாராத ஒரு திருப்பம். நாலாவதில் நாயகன் கிட்டத்தட்டப் புதைந்துபோய், தன் சொந்தத் திறமையால் மட்டுமே மீள வேண்டும். எழுதும் முன் நாலு விஷயங்களை முடிவு செய்யச் சொல்வார்: கொலைக்கு வழக்கமில்லாத ஒரு முறை, வில்லன் தேடும் வழக்கமில்லாத ஒரு பொருள், வழக்கமில்லாத ஒரு களம், நாயகன் தலைமேல் கதை முழுக்கத் தொங்கும் ஓர் ஆபத்து. தமிழில் ஒட்டுகள் சொல்லோடு சேர்ந்துகொள்வதால் இதே கதை நாலாயிரத்துச் சொச்சம் சொல்லில் அடங்கிவிடும். ஆக, பாகத்துக்கு ஆயிரம் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் போட்டுப் பார்ப்போம். நாயகன் கபிரியேல், சங்கு குளிப்பவன். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை வாயில் கவ்வி மூச்சுவிட்டபடி கடலடியில் சங்கு பொறுக்குகிறான். திடீரென்று காற்றில் டீசல் வாடை. தலை கனக்கிறது. மேலே யாரோ எஞ்சின் புகை வரும் பக்கமாகக் காற்று இழுக்கும் வாயைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இதுதான் முதல் பத்தி. கபிரியேல் யார், அவன் அப்பா யார் என்பதெல்லாம் அப்புறம். அவன் குழாயைத் துப்பிவிட்டு மூச்சடக்கி மேலே வருகிறான். வள்ளத்தில் இருந்த கூட்டாளியைக் காணோம், தளத்தில் ரத்தம்.

இரண்டாம் பாகத்தில் கூட்டாளியின் உடல் கரை ஒதுங்குகிறது. சந்தேகம் கபிரியேல்மேல். தாத்தாவின் பழைய நண்பர் ஒருவர் சொல்கிறார்: 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது ஒரு வள்ளம் மூழ்கியது, அதில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, அது எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) கிடக்கிறது என்பதை உன் தாத்தா ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தார். நோட்டு கிடைக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்தவள் அவன் சொந்தத் தங்கை. பாகம் முடிந்தது.

மூன்றாம் பாகம் வான்தீவில். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று அது. யாரும் இறங்கக் கூடாது, வனத்துறைப் படகு சுற்றிவரும். போலீஸ் தேடும் ஒருவன் தடைசெய்யப்பட்ட தீவில் ஒளிந்தால் சிக்கல் தானாகவே இரட்டிப்பாகிறது. கடல் அரித்துச் சிறுத்துப்போன தீவு என்பதால் ஓடி ஒளிய இடமும் இல்லை. அங்கே வில்லன் ஆட்கள் அவனைப் பிடித்து, கம்ப்ரஸரை உடைத்துவிட்டு, பெட்டியை எடுத்து வா என்று தங்கையைப் பிணையாக வைத்துக்கொள்கிறார்கள். நாலாம் பாகத்தில் குழாய் இல்லை, காற்று இல்லை. தாத்தா காலத்து வழக்கப்படி கல்லைக் காலில் மாட்டி ஒரே மூச்சில் இறங்குகிறான். சின்ன வயதில் தாத்தா விளையாட்டாகக் கற்றுத் தந்த வித்தை அது. அதை முதல் பாகத்தில், அவன் மூச்சடக்கி மேலே வரும் இடத்தில், ஒரு வரியில் விதைத்திருக்க வேண்டும். விதைக்காவிட்டால் வாசகர் ஏமாற்று என்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பெட்டிக்குள் முத்து இல்லை. குளித்தவர்களுக்குத் தராமல் விட்ட பங்கின் கணக்கு இருக்கிறது. வில்லன் குடும்பத்தின் சொத்து எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

இந்தக் கதையில் வாடகைக்கு வாங்கிய எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பார் என்ற சொல், கம்ப்ரஸர், வனத்துறைப் படகு எல்லாம் அந்த ஊரில் இருப்பவை. சாகசக் கதைக்கு அமேசான் காடு தேவை இல்லை. ஆனால் எடுத்துக்கொண்ட களத்தை நேரில் பார்க்காமல், அந்த வேலை செய்பவர்களிடம் பேசாமல் எழுதாதீர்கள். ஒரு மீனவர் உங்கள் கதையைப் படித்து இது எங்கள் கடல் இல்லை என்றால் அந்தக் கதை தோற்றது.

நாளும் பக்கமும்

எந்த நேரத்தில் எழுதுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், தினமும் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேரத்தில். பெர்ரி மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் பகலில் வழக்கறிஞர், இரவில் கதை எழுதினார். டெண்ட் எழுதப் பழகியதும் இரவுப் பணி நேரத்தில்தான். அலுவலகம் போகிறவர்களுக்கு விடிகாலை ஒன்றரை மணி நேரம் போதும். நாளுக்கு 500 சொல் என்றால் மாதம் 15,000 சொல். பழைய மாத நாவல் அளவில் ஒரு கதை இரண்டு மாதத்துக்குள் கையில் இருக்கும்.

வேகம் மேஜையில் உட்கார்ந்த பிறகு வருவதில்லை, உட்காரும் முன் செய்த தயாரிப்பிலிருந்து வருகிறது. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் டெண்டின் திட்டத்தை நீட்டி, மூன்று நாளில் ஒரு நாவல் எழுதும் முறையை வைத்திருந்தார். அதைக் கேட்டு மூன்று நாளைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் அந்த மூன்று நாளுக்கு முன்பே மூர்காக் பொருள்கள், இடங்கள், படிமங்கள், நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி முடித்திருப்பார். எழுதும்போது யோசிக்க நேரமில்லை, பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். பேருந்தில் கேட்ட பேச்சு, விசைப்படகின் பாகங்களுடைய பெயர், மலைப்பாதையில் லாரி எங்கே முதலில் சூடாகும் என்று ஓர் ஓட்டுநர் சொன்னது, இவையெல்லாம் அதில் ஏறட்டும்.

முதல் வரைவைத் திருத்திக்கொண்டே எழுதாதீர்கள். முடித்துவிட்டு, ஒரு வாரம் மூடிவைத்து, பிறகு சத்தமாகப் படித்துத் திருத்துங்கள். பிழை திருத்துவதற்கு வேறொருவருக்குக் காசு கொடுங்கள். சந்திப்பிழை மலிந்த மின்நூல்கள் தமிழில் ஏராளம். வாசகர் மறுமுறை அந்த எழுத்தாளரைத் தொடமாட்டார்.

காசு வரும் வழிகள்

கிண்டிலில் தமிழ் மின்நூலை நீங்களே ஏற்றலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதன் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தின் வாசகர்கள் படித்த பக்கங்களுக்கும் பணம் வரும். பக்கத்தைப் புரட்டவைக்கும் சாகசக் கதைக்கு இது சாதகம். ஒரே நாயகனின் தொடர் வரிசையாக இருந்தால் இன்னும் சாதகம், ஒன்றைப் படித்தவர் அடுத்ததையும் எடுப்பார்.

அச்சுப் புத்தகத்தின் கணக்கைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். விலை 150 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு என்றால் 52 ரூபாய் 50 காசு போகும். மிஞ்சுவது 37 ரூபாய் 50 காசு, அதுவும் கடை கணக்கு முடிக்கும்போதுதான். அதே பிரதியை வாசகருக்கு நேரடியாக அனுப்பினால் 90 ரூபாய் மிஞ்சும், அதில் தபால் செலவு கழியும். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும்தான். அதனால் தொடக்கத்தில் 1,000 பிரதி அடித்து வீட்டில் அடுக்காதீர்கள். தேவைக்கேற்ப 50, 100 என்று அடிக்கும் அச்சகங்கள் இன்று எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கின்றன. லயன்-முத்து காமிக்ஸ் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கி வாசகரை நேராகப் பிடித்துவைத்திருக்கும் முறையைப் படித்துப் பாருங்கள். சிறிய பதிப்பாளருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். புது தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. ராயல்டி வருமானத்துக்குப் பழைய வரித் திட்டத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. எந்தத் திட்டம் உங்களுக்கு லாபம் என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கையெழுத்திடும் முன்

1957 காப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. பலருக்கு அது தெரியாததால்தான் பயன்படாமல் போகிறது. நீங்கள் எழுதிய கதை எழுதிய நொடியிலேயே உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அது காலாவதியாகும்.

ஆடியோ தொடர் செயலிகள் இப்போது மணிக்கணக்கில் எழுதச் சொல்கின்றன, பணமும் தருகின்றன. செய்யலாம். ஆனால் கதாபாத்திரம், தொடர்ச்சி, எல்லா ஊடகம், உலகம் முழுவதும், என்றென்றைக்கும் என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அங்கே உங்கள் முக்கிய நாயகனை அனுப்பாதீர்கள். அந்த வேலைக்கென்று வேறொரு நாயகனைப் படைத்துக் கூலிக்கு எழுதுங்கள். கபிரியேல் உங்களிடமே இருக்கட்டும்.

கடைசியாக, வெளியீட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். முதல் கதை முடிந்த சந்தோஷத்தில் அதை உடனே வெளியிட்டுவிடாதீர்கள். ஒரே நாயகனின் மூன்று கதைகள் கையில் சேரும்வரை பொறுங்கள். பிறகு மாதம் ஒன்றாக வெளியிடுங்கள், நாலாவதை அந்த இடைவெளியில் எழுதுங்கள். முதல் கதை பிடித்துப்போன வாசகர் அடுத்தது எப்போது என்று கேட்கும்போது, தேதியைச் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.